பின்னால் வரும் வண்டி

அந்த வருஷம் துலாம் மாதத்தில், அதாவது ஐப்பசியில், மழை ஒரு நாள்கூடத் தவறவில்லை. காலையில் வெயில் கண்ணைக் குத்தும். மதியம் கஞ்சி குடித்துக் கை கழுவும்போது காயலுக்கு அக்கரையில் வானம் கருக்கத் தொடங்கும். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு இடி இறங்கிவிடும். அதனால் எங்கள் கரைப் பெண்களுக்குக் காலைப்பொழுது மட்டும்தான் பொழுது. ஆண்கள் விடியுமுன் வள்ளத்தில் போய்க் காயலின் அடிச்சேற்றிலிருந்து வாரிவரும் சிறு மட்டிகளை நாங்கள் கக்கா என்போம். பெண்கள் அவற்றை அண்டாவில் கொட்டி, தேங்காய் மட்டை எரித்து வேகவைப்பார்கள். ஓடு வாய் திறந்ததும் சல்லடையில் போட்டு ஆட்ட, சதை கீழே உதிரும், ஓடு மேலே தங்கும். சதை சந்தைக்கும் ஓடு சுண்ணாம்புச் சூளைக்கும் போகும். வாடை மட்டும் எங்களோடு தங்கிவிடும். சோப்பு அதை ஒன்றும் செய்யாது.

சுதர்மாவின் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்தது. கணவன் பவித்ரன் கக்கா வாருவதில் கெட்டிக்காரன், பேச்சில் கஞ்சன். ஒரே மகன் ஜிதின் பத்தாம் வகுப்பு. அந்த வயதுப் பையன்கள் போர்வைக்குள் கிடக்கும் நேரத்தில் அவன் அம்மாவோடு சல்லடை பிடிப்பான். அவனைக் காட்டித்தான் என் மனைவி எங்கள் பிள்ளைகளை வைவாள்.

அந்தச் சனிக்கிழமை காலை, அண்டாவில் கக்கா வெந்துகொண்டிருக்க, சுதர்மா வாய்க்கால் படியில் உட்கார்ந்து ஜிதினின் பள்ளிக்கூடச் சட்டை, கால்சட்டையைத் துவைக்கப் போனாள். தண்ணீரில் முக்குமுன் பையைத் தடவிப் பார்ப்பது வழக்கம். கையில் ஏதோ தட்டுப்பட்டது. தோல் நிறத்தில் முந்திரிக்கொட்டை போல வளைந்த ஒரு பொருள், அதன் நுனியில் மெல்லிய குழாய். என்னவென்று புரியாமல் உள்ளங்கையில் வைத்து மூடினாள். கைக்குள்ளிருந்து அது கீச்சென்று ஊளையிட்டது.

பதறிப் படியில் போட்டாள். ஊளை நின்றது. மறுபடி எடுத்து மூடினாள்; மறுபடி கத்தியது. அப்புறம்தான் அது எந்தக் காதில் இருந்தது என்பது நினைவுக்கு வந்தது.

தையற்கார ஜலஜாவின் மகன் ஆரோமலுக்குப் பிறவியிலேயே காது மந்தம். ஒன்பதாம் வகுப்பு. அப்பா சுற்றுலாப் படகில் சமையல் வேலை, வீட்டுக்கு எப்போதாவதுதான் வருவார். பையனுடைய காதுக் கருவி தொலைந்துபோய்விட்டது என்று இரண்டு நாளாக ஜலஜா கரை முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை மழையோடு எல்லோரும் சேர்ந்து தேடினோம். சுதர்மா சாலையோரப் புல்லை விலக்கி விலக்கிப் பார்த்தாள். ஜிதின் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஓடையில் இறங்கி, முட்டளவு தண்ணீரில் காலால் துழாவினான்.

அப்போதும் அது அவன் பையில் இருந்திருக்கிறது.

சுதர்மா ஈரக் கையோடு முற்றத்துக்கு வந்தாள். ஜிதின் சல்லடையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"எடா, இது எங்கேருந்து வந்துச்சு?"

அவன் பார்த்தான். சல்லடை ஒரு கணம் நின்று மறுபடி ஆடியது. "வழியில கெடந்துச்சு அம்மே. திங்கக்கிழமை கொடுக்கலாம்னு."

"வழியில கெடந்ததைப் பைக்குள்ள வெச்சிக்கிட்டா ஓடையில இறங்கித் தேடினே?"

"அது... அப்புறமாத்தான் கெடச்சுது."

"அப்புறம்னா எப்போ?"

அவன் சல்லடையை வேகமாக ஆட்டினான். அவள் சல்லடையைப் பிடுங்கித் தரையில் வைத்தாள். அண்டாவின் ஆவி இருவருக்கும் நடுவே எழுந்தது.

"நான் உன்னை அடிக்கப்போறதில்ல. கேக்குறதுக்குப் பதில் சொல்லு. நீ எடுத்தியா?"

"நான் மட்டுமில்ல. ரோஷன் சேட்டனும் இருந்தாரு." ரோஷன் அதே பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன் படிப்பவன். மாமாவின் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு திரிவான். "சும்மா விளையாட்டு."

"என்ன விளையாட்டு?"

ஜிதின் லேசாகச் சிரித்தான். சொன்னால் அம்மாவும் சிரிப்பாள் என்று நினைத்ததுபோல் இருந்தது அந்தச் சிரிப்பு. "அவன் ஸ்கூல் விட்டு வரப்பு ரோட்டுல நடந்து போவான்ல. நாங்க பின்னாடி ஸ்கூட்டர்ல போவோம். அவனுக்குத் தெரியாம எவ்வளவு கிட்டப் போக முடியுதுன்னு பாக்கணும். ரோஷன் சேட்டன் அவன் பையைத் தொட்டுட்டாரு. நான் பின்னால உக்காந்து போன்ல பிடிப்பேன்."

"ஹாரன் அடிக்க மாட்டீங்களா?"

"அடிச்சா என்ன விளையாட்டு அம்மே?"

"அவன் ஒதுங்கலைன்னா?"

"கடைசில பிரேக் போட்டுருவாரு. ஆனா அந்த மிஷின் காதுல இருந்தா முன்னாடியே திரும்பிடுறான். அதான்..." அங்கே அவன் சிரிப்பு அணைந்தது. தான் சொன்னது தன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். "அதான் எடுத்தோம்."

சுதர்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வரப்பு ரோட்டில் ஒரு பக்கம் ஓடை, மறுபக்கம் ஆளை விழுங்கும் பள்ளமான வயல். இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்க வேண்டும். சூளைக்கு ஓடு ஏற்றும் லாரிகளும் அதில்தான் போகும். மழை இருட்டில், காதில் ஒன்றும் இல்லாமல் அந்தப் பிள்ளை இரண்டு நாளாக அதில் நடந்திருக்கிறது.

அண்டாவில் தண்ணீர் வற்றிக் கக்கா அடிப்பிடிக்கும் வாடை வந்த பிறகுதான் எழுந்தாள்.

பின்னால் என் மனைவியிடம் இதைச் சொன்னபோது சுதர்மா ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். எட்டாம் வகுப்பில் ஜிதினை எல்லோரும் கக்கா என்று கூப்பிட்டார்கள். அவன் உட்கார்ந்தால் பெஞ்சில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்வார்கள். அவன் அழுதுகொண்டு வந்தபோது அவள் இரண்டு சோப்புக் கட்டி அதிகம் வாங்கினாள். கண்டுக்காதே, நல்லாப் படி, தானா நின்னுடும் என்றாள். ஒன்பதாம் வகுப்பில் நின்றுவிட்டது. தானாக நின்றது என்றுதான் நினைத்தாளாம்.

"அது நிக்கல சேச்சி. இவன் கையைக் காட்டி அந்தப் பையன் பக்கம் திருப்பி விட்டிருக்கான்."

பவித்ரன் இரண்டாவது நடையும் வாரி முடித்து, வள்ளத்தைக் கட்டிவிட்டு வந்தான். இடுப்புவரை சேறு. கட்டன் சாயாவும் அவித்த மரவள்ளியும் வைத்துவிட்டு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கிழங்கை உதிர்த்தபடி கேட்டான். மகனைக் கூப்பிட்டு ஓர் அறை விட்டான். பிறகு மறுபடி உட்கார்ந்து தின்றான்.

"அதைக் கொண்டுபோய் ஜலஜா வீட்டு வேலியோரம் போட்டுட்டு வா. கெடச்சிடுச்சுன்னு சந்தோஷப்படுவா. அதோட முடிஞ்சுது."

"எப்படி முடியும்? ஸ்கூட்டர் இருக்கு, ரோடு இருக்கு, அந்தப் பிள்ளை இருக்கான்."

"இவன் இனிமே போகமாட்டான்."

"இவன் போகலைன்னா இன்னொருத்தன் பின்னால உக்காருவான்."

"பத்தாங்கிளாஸ் பரீட்சை வருது. நீ போய்ச் சொன்னா ஸ்கூல்ல தெரியும், அப்புறம் போலீஸ். நம்ம பையன் பேருதான் முதல்ல வரும். அந்த ரோஷனுக்கு ஆள் இருக்கு. நமக்கு யார் இருக்கா?"

"அந்தப் பையன் மேல வண்டி ஏறியிருந்தா?"

"ஏறலைல்ல."

"இதுவரைக்கும்."

பவித்ரன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தட்டைத் தள்ளிவிட்டுக் குளிக்கப் போனான். போகாதே என்று அவன் சொல்லவில்லை. அவனால் முடிந்தது அவ்வளவுதான்.

அவள் மகனைக் கூட்டிக்கொண்டு கிளம்பியபோது வானம் நன்றாகக் கறுத்துவிட்டது. வழியெல்லாம் ஜிதின் கெஞ்சிக்கொண்டே வந்தான்.

"அம்மே, நீங்களே கொடுத்துடுங்க. நான் வெளியில நிக்கிறேன்."

"நட."

"நான் சொன்னேன்னு தெரிஞ்சா ரோஷன் சேட்டன் என்னை விடமாட்டாரு."

"அதுதானே ஆரோமலுக்கும். நட."

ஜலஜா மிஷினில் உட்கார்ந்து நைட்டி தைத்துக்கொண்டிருந்தாள். ஆரோமல் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து பொத்தான்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தான். இவர்கள் வந்தது அவனுக்குத் தெரியவில்லை. நிழல் விழுந்த பிறகுதான் தலை தூக்கினான். ஜிதினைக் கண்டதும் கையிலிருந்த பொத்தான்கள் பாயில் சிதறின.

சுதர்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கருவியை நீட்டினாள்.

"அய்யோ, கெடச்சிடுச்சா!" ஜலஜா மிஷினிலிருந்து துள்ளி எழுந்தாள். "எங்கே இருந்துச்சு சேச்சி? ஜிதின்தான் எடுத்தானா? எனக்குத் தெரியும், அன்னைக்கே ஓடையில இறங்கினவன் அவன்தானே..."

"ஓடையில இல்ல ஜலஜா. இவன் பையில இருந்துச்சு."

"என்ன?"

"இவன் அதைக் கண்டுபிடிக்கல. பிடுங்கியிருக்கான். இவனும் ரோஷனும்."

ஜலஜா சிரித்த முகத்தை மாற்றத் தெரியாமல் நின்றாள். பிறகு கருவியை மகன் காதில் மாட்டி, அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "ஆரோமலே, இவங்க சொல்றது நெசமா? இவன்தான் உன்கிட்டேருந்து எடுத்தானா?"

ஆரோமல் அம்மாவைப் பார்க்கவில்லை, ஜிதினின் முகத்தைப் பார்த்தான். எந்தப் பதில் சொன்னால் தப்பிக்கலாம் என்பது அந்த முகத்தில் எழுதியிருப்பதுபோல் தேடினான்.

"இல்லம்மா. நான்தான் தொலைச்சேன். ஜிதின் சேட்டன் ஒண்ணும் பண்ணல. யாரும் ஒண்ணும் பண்ணல."

வேகமாக, ஒப்பிப்பதுபோலச் சொன்னான். இத்தனை நாள் சோறு போட்டு வளர்த்த முகத்தை இன்னொரு வீட்டுப் பிள்ளை இப்படிப் பார்க்கும் என்று சுதர்மா நினைத்ததே இல்லை.

"நீ சொல்லு" என்றாள் மகனிடம். "காலையில என்கிட்ட சொன்னதை அப்படியே சொல்லு."

ஜிதின் சொன்னான். குரல் பாதியில் உடைந்தது. ஸ்கூட்டர், போன், பையைத் தொட்டது, அதற்கப்புறம் கருவி. வெளியே முதல் இடி விழுந்தது. இரண்டு நாளாக இடி கேட்காதிருந்த ஆரோமல் உடம்பெல்லாம் தூக்கிப்போட, காதைப் பொத்திக்கொண்டான்.

ஜலஜா துணியில் குத்தியிருந்த ஊசியை எடுத்து எடுத்துக் குத்தினாள்.

"தொலைச்சிட்டு வந்தியேன்னு நான் இவனை அடிச்சேன் சேச்சி. தென்னை மட்டையால அடிச்சேன். வாயே திறக்கல." பிறகு ஜிதின் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கு நீ நனைஞ்சு நின்னேன்னு தலை துவட்ட நான் உனக்குத் துண்டு கொடுத்தேனே. வாங்கித் துவட்டினியே."

ஜிதின் அழத் தொடங்கினான்.

"அழாதே. இங்கே நின்னு அழாதே" என்றாள் ஜலஜா. "கூட்டிட்டுப் போங்க சேச்சி. நீங்க வந்ததுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. இப்போ கூட்டிட்டுப் போங்க."

திங்கட்கிழமை சுதர்மா பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தலைமை ஆசிரியை நல்லவர்தான், ஆனால் களைத்தவர். அறையில் ஆரோமலின் வகுப்பு டீச்சர் லிசியும் இருந்தார்.

"பிள்ளைங்க விஷயம். பேசித் தீர்த்துக்கலாம்" என்றார் தலைமை ஆசிரியை. "ரெண்டு பேரையும் கை குலுக்க வெச்சு..."

"கை குலுக்கினா ஸ்கூட்டர் நிக்குமா டீச்சர்?"

"ரோஷனோட அப்பாகிட்ட போன்ல கேட்டேன். அப்படி ஒண்ணும் நடக்கலங்கிறார். வீடியோவும் இல்லையாம்."

"அழிச்சிருப்பாங்க. பின்னால உக்காந்து பிடிச்சவன் என் பையன். அவன் சொல்றான், நடந்துச்சுன்னு."

"அப்போ முதல்ல நடவடிக்கை வர்றது உங்க பையன் மேலதான். யோசிச்சீங்களா?"

"யோசிச்சிட்டுத்தான் வந்தேன்."

லிசி டீச்சர் அதுவரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இடைவேளைக்கு ஆரோமல் வெளியில போறதையே நிறுத்திட்டான்" என்றார் மெதுவாக. "பாத்ரூமுக்குக்கூட நான் வராந்தால நிக்கும்போதுதான் போவான். காது மந்தம், அதான் கூச்சம்னு நினைச்சேன். கேட்டிருக்கணும், கேக்கல." பிறகு தலைமை ஆசிரியையிடம் திரும்பினார். "டீச்சர், இதைக் குழந்தைகள் நலக் கமிட்டிக்குச் சொல்லியே ஆகணும். நாம சொல்லலைன்னா நான் சொல்றேன்."

அதற்கப்புறம் சில காரியங்கள் நடந்தன. ரோஷனும் ஜிதினும் சில நாள் வகுப்புக்கு வரக்கூடாது என்றானது. ஸ்கூட்டருக்கு வளாகத்தில் இடமில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு டீச்சர் வரப்பு ரோடு தொடங்கும் பாலத்துமுனைவரை வந்து நிற்பார். ஆலோசனை சொல்ல ஓர் அம்மா வந்து ஜிதினோடும் ஆரோமலோடும் தனித்தனியாகப் பேசினார். ரோஷனின் அப்பா எங்கள் கரைக்கு வந்து, பவித்ரனின் வள்ளத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "நல்ல வள்ளம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பவித்ரன் வள்ளத்தை வீட்டை ஒட்டிய வாய்க்காலுக்குள் இழுத்துக் கட்டினான்.

தண்டனை முடிந்து ஜிதின் வகுப்புக்குப் போன முதல் நாளே அவன் பையில் யாரோ அழுகிய கக்கா ஓடுகளை அள்ளிப் போட்டிருந்தார்கள். புத்தகமெல்லாம் கறுப்பு நீர். கக்கா, கக்கா என்று மேசையைத் தட்டினார்களாம். முன்பு அவனோடு சேர்ந்து சிரித்தவர்கள்தான். வீட்டுக்கு வந்து பையைத் தூக்கி எறிந்தான்.

"உங்களாலதான். எல்லாம் உங்களாலதான். இப்போ எனக்கு யாருமே இல்ல!"

சுதர்மா புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து அடுப்பு மேட்டில் விரித்தாள்.

"நாளைக்கு லிசி டீச்சர்கிட்ட சொல்றேன்."

"வேண்டாம் அம்மே, கெஞ்சிக் கேக்கிறேன். சொன்னா இன்னும் பண்ணுவாங்க. பேசாம இருந்தா நின்னுடும்."

"அப்படித்தான் எட்டாங்கிளாஸ்ல உன்கிட்ட நான் சொன்னேன்" என்றாள். "நின்னது எப்படின்னு உனக்குத்தான் தெரியுமே."

அந்தச் சனிக்கிழமையிலிருந்து வீட்டோடு கிடந்த ஆரோமல் அதற்கும் பிறகுதான் பள்ளிக்கூடத்துக்குப் போனான். வரமாட்டேன் என்று அடம்பிடித்தவனை லிசி டீச்சர் வீட்டுக்கே வந்து பேசி அழைத்துப் போனார். முதல் இரண்டு நாள் ஜலஜா கூடப் போனாள். அடுத்த நாள் அவன் தனியாகப் போகிறேன் என்றான்.

அந்தக் காலையில் சுதர்மா கக்காச் சதை நிரம்பிய சின்ன அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினாள். வரப்பு ரோட்டில் திரும்பும்போது முன்னால் தூரத்தில் ஆரோமல், அவனுக்கும் அவளுக்கும் நடுவே ஜிதின். ஆரோமல் காதில் கருவி இருந்தது. இருந்தும் நாலடிக்கொரு தரம் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தான். பார்த்தவுடன் நடை வேகமாகும். வேகமானதும் கால் இடறும். மறுபடி திரும்புவான்.

ஜிதின் நின்றுவிட்டான். சுதர்மா அவனை எட்டினாள்.

"ஏன் நின்னுட்டே?"

"அவன் என்னைப் பாத்துப் பாத்துப் போறான் அம்மே. நான் ஒண்ணும் பண்ணலையே. சும்மாதானே நடக்குறேன்."

"அது அவனுக்குத் தெரியாதே."

"மன்னிப்புக் கேட்டேனே. டீச்சர் முன்னால கேட்டேனே. இன்னும் என்ன செய்யணும்?"

சுதர்மா அண்டாவைச் சரிசெய்துகொண்டாள். "பின்னால போகாதே. சுத்தி அந்தப் பக்கமாப் போய் அவனுக்கு முன்னால நட. நீ எங்கே இருக்கேன்னு அவன் கண்ணுக்குத் தெரியட்டும்."

ஜிதின் ஓடை விளிம்பை ஒட்டி, ஆரோமலிடமிருந்து எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகிக் கடந்தான். அவன் கடந்து போகும்வரை ஆரோமல் நகரவில்லை. முன்னால் போய்க் கொஞ்சம் இடைவெளி விட்டு ஜிதின் நடக்கத் தொடங்கினான், திரும்பிப் பார்க்காமல். ஆரோமல் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தான். கழுத்து திரும்புவது குறைந்தது.

அப்போது சுதர்மாவுக்குப் பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது.

அவள் ஒதுங்கினாள். ரோஷன். பின்னால் இன்னொரு பையன், கையில் போன். சுதர்மாவை உரசுவதுபோல் கடந்தார்கள். ஆரோமல் சத்தம் கேட்டுத் திரும்பி, பதறி வயல் பக்கச் சரிவில் ஒரு காலை வைத்து நின்றான். அவனை அவர்கள் பார்க்கக்கூட இல்லை. தாண்டிப் போய் ஜிதினுக்குப் பின்னால் வந்ததும் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்கள்.

ஹாரன் இல்லை. ஜிதின் நடக்கும் வேகத்துக்கே வண்டி ஊர்ந்தது. அவனுக்குச் சத்தம் கேட்டது, எல்லாம் கேட்டது. தோள்கள் மெல்ல மேலே ஏறிக் காதைத் தொட்டன. கழுத்து விறைத்தது. திரும்பினால் சிரிப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். ஓடினால் துரத்துவார்கள் என்றும் தெரியும். எப்போது பிரேக் போடுவான் என்பதுதான் தெரியாது. முன்சக்கரம் அவன் குதிகாலுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்தது.

"டேய்!" என்று சுதர்மா கத்தினாள். அண்டா ஒரு பக்கம் சரிந்து, கக்கா வெந்த நீர் அவள் முகத்தில் வழிந்தது.

வண்டி சட்டென்று வளைந்து, ஜிதினின் பையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பறந்தது. சிரிப்பு பாலத்தைத் தாண்டியும் கேட்டது. ஜிதின் நின்ற இடத்திலேயே நின்றான்.

ஆரோமல் சரிவிலிருந்து காலை எடுத்து மேலே வந்தான். ஜிதினைத் தாண்டிப் போகவில்லை. பக்கத்திலும் போகவில்லை. ஜிதின் மறுபடி நடக்கும்வரை அந்த இடைவெளியிலேயே நின்றான். ஜிதின் ஓரடி வைத்ததும் அவனும் ஓரடி வைத்தான்.

சுதர்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பாலத்தில் சந்தைக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். அவள் அண்டாவோடு வலப்பக்கம் திரும்பி, இரண்டு பையன்களுக்கும் பின்னால், பள்ளிக்கூட வாசலை நோக்கி நடந்தாள்.